முலாமுக்கு அடியில் இருக்கும் நிறம்

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, என் கணவரின் திருமண மோதிரத்தையும் என்னுடையதையும் கழற்றி ஒரு வெள்ளைத் தாளின் மேல் அருகருகே வைத்துப் பார்த்தேன். 14 ஆண்டுகளுக்கு முன்பு இரண்டையும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே வடிவத்தில் வாங்கினோம். அவருடையது பிளாட்டினம், என்னுடையது வெள்ளைத் தங்கம். அந்த வேறுபாடு நாங்கள் யோசித்துச் செய்ததன்று. நாங்கள் விரும்பிய வடிவம் அவருடைய விரல் அளவில் பிளாட்டினத்தில் மட்டும் இருந்தது, என் அளவில் வெள்ளைத் தங்கத்தில் மட்டும் இருந்தது. "இரண்டும் ஒன்றுதான், பார்த்தால் வித்தியாசமே தெரியாது" என்றார் விற்பனையாளர். அன்று உண்மையிலேயே எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இன்று கண்ணை மூடிக்கொண்டு கையில் எடுத்தாலே தெரிகிறது. கண்ணைத் திறந்தால் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. என் மோதிரம் மேற்புறம் அகன்று உள்ளங்கைப் பக்கம் குறுகும் வடிவம் கொண்டது; விரலில் அதிகம் சுழலாது. அதன் மேற்புறம் இன்னும் கண்ணாடிபோல் பளபளக்கிறது, உள்ளங்கைப் பக்கமோ வெளுத்த வைக்கோலின் நிறத்துக்கு வந்துவிட்டது. இரண்டு நிறங்களும் சந்திக்கும் இடத்தில் கோடு எதுவும் இல்லை, ஒன்று மெல்ல மற்றொன்றாகிறது. அவருடைய மோதிரத்தில் பளபளப்பு என்று சொல்ல எதுவும் இல்லை. சாம்பல் கலந்த, அடங்கிய வெண்மையோடு, முழுவதும் ஒரே நிறமாக இருக்கிறது. கார்க் கதவிடுக்கில் ஒருமுறை சிக்கியதன் அடையாளமாக ஓரத்தில் சிறு பள்ளம் ஒன்றும் இருக்கிறது.

இரண்டையும் இப்படி வைத்துப் பார்க்க நேர்ந்தது என் தங்கையால்தான். அவளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. "அக்கா, பிளாட்டினமா, வெள்ளைத் தங்கமா? ஒரே வரியில் சொல்" என்று கேட்டாள். ஒரே வரியில் சொல்ல முடியவில்லை. எனக்கு அன்று யாரும் சொல்லாதவற்றை எல்லாம் சேர்த்து அவளுக்குச் சொல்லத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரையாக வளர்ந்தது.

முதலில் பெயரைப் பற்றிச் சொல்லவேண்டும். பிளாட்டினத்தையே வெள்ளைத் தங்கம் என்று நினைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்; படித்தவர்களும், நகை வாங்கிப் பழகியவர்களும் அவர்களில் உண்டு. இரண்டும் வேறு. பிளாட்டினம் ஒரு தனிமம், அதன் அணு எண் 78. தங்கத்தின் அணு எண் 79. தனிம அட்டவணையில் இரண்டும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள், உறவு அவ்வளவுதான். வெள்ளைத் தங்கம் என்று ஒரு தனிமம் இயற்கையில் இல்லை. அது மஞ்சள் தங்கத்தோடு வேறு உலோகங்களைக் கலந்து, அந்த மஞ்சளை வெளுக்கச் செய்து பெறும் கலவை. 18 கேரட் என்றால் அதில் 75 விழுக்காடு தங்கம். 14 கேரட் என்றால் 58.5 விழுக்காடு. அந்த 18 கேரட்டில் மிஞ்சும் 25 விழுக்காட்டில் என்ன இருக்கிறது என்பதைத்தான் வாங்குபவர் கேட்பதில்லை, விற்பவரும் தாமாகச் சொல்வதில்லை. ஒரு வெள்ளைத் தங்க மோதிரத்தின் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் அந்தக் கால் பங்கில்தான் இருக்கின்றன.

தங்கத்தின் மஞ்சளை வெளுக்கவைக்கும் ஆற்றல் முக்கியமாக இரண்டு உலோகங்களுக்கு உண்டு: நிக்கல், பல்லேடியம். வெள்ளியைக் கலந்தால் வெளுக்கும் என்று தோன்றும். ஆனால் வெள்ளி கலக்கக் கலக்கத் தங்கம் முதலில் பச்சை சாய்ந்த மஞ்சளாகவே மாறும். நிக்கல் மலிவானது, தங்கத்தை நன்றாக வெளுக்கும், கலவையைக் கடினமாகவும் ஆக்கும். பல்லேடியம் விலை கூடியது, பிளாட்டினத்தின் நெருங்கிய உறவு; அது கலந்த தங்கம் சற்றே சாம்பல் சாய்ந்த, கண்ணை உறுத்தாத வெண்மை பெறும், சற்று மென்மையாகவும் இருக்கும். கடைக் கண்ணாடிக்குள் இரண்டு வகையும் ஒன்றுபோலவே மின்னும். காரணம், நாம் அங்கே பார்ப்பது தங்கத்தையே அன்று. அதன் மேல் பூசியிருக்கும் ரோடியம் என்ற வெண்ணிற உலோகத்தைத்தான் பார்க்கிறோம்.

ரோடியம் முலாம் என்ற சொல்லையே நான் வாங்கி இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் முதன்முதலாகக் கேட்டேன். மோதிரம் மஞ்சளடிக்கிறது, தங்கம் கலப்படமோ என்று பதறி அதே கடைக்குப் போனபோது, "முலாம் தேய்ந்திருக்கிறது, மறுபடி பூசிவிடலாம்" என்று மிக இயல்பாகச் சொன்னார்கள். விற்கும்போது சொல்லாமல் விட்டது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஏமாற்று என்று சொல்லமாட்டேன். 18 கேரட் என்று சொன்னார்கள், 18 கேரட்தான் கொடுத்தார்கள். ஆனால் வாழ்நாள் முழுவதும் அணியப்போகும் ஒரு பொருளின் நிறம், ஒரு மைக்ரானுக்கும் குறைவான பூச்சில் நிற்கிறது என்பதைச் சொல்லாமல் விற்பது சரியன்று. மனிதத் தலைமுடியின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும் என்பதோடு ஒப்பிட்டால் அந்தப் பூச்சு எவ்வளவு மெல்லியது என்று விளங்கும்.

ரோடியம் தாழ்ந்த பொருளன்று. மிகக் கடினமானது, துருவேறாதது, பிளாட்டினத்தைவிடவும் கூடுதலாக ஒளியைத் திருப்பி அனுப்புவது. அதைக் கண்டுபிடித்ததாக 1804-இல் அறிவித்தவர் வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன் என்ற ஆங்கில வேதியியலாளர். அதன் உப்புகள் ரோஜா நிறத்தில் இருந்ததால், ரோஜாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார். பல்லேடியத்தைக் கண்டறிந்தவரும் அவரே. இரண்டையும் அவர் பிரித்தெடுத்தது பிளாட்டினத் தாதுவிலிருந்து. இதைப் படித்தபோது எனக்குள் ஏதோ ஒன்று சரியாகப் பொருந்தியது: தங்கத்தை உள்ளே வெளுக்கச் செய்யும் பல்லேடியமும், மேலே போர்த்தி வெண்மையாக்கும் ரோடியமும் பிளாட்டினத்தின் குடும்பத்திலிருந்து கடன் வாங்கி வந்தவை.

மறுமுலாம் பூசும் வேலையை நான் உடனிருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டறைக்காரர் பெரியவர், பொறுமையானவர், கேள்வி கேட்டால் வேலையை நிறுத்திவிட்டுப் பதில் சொல்பவர். மோதிரத்தை முதலில் சுழலும் பஞ்சுச் சக்கரத்தில் பிடித்துப் பழைய முலாமையும் கீறல்களையும் தேய்த்து எடுத்தார். அப்போதுதான் என் மோதிரத்தின் உண்மையான நிறத்தை முழுவதுமாகப் பார்த்தேன். மஞ்சள் என்றும் சொல்ல முடியாது, வெள்ளை என்றும் சொல்ல முடியாது. பாலில் ஒரு துளி மஞ்சள் விழுந்ததுபோல் இருந்தது. அசிங்கமான நிறமன்று. எனக்குத் தெரியாமல் என் விரலில் இருந்த நிறம், அவ்வளவுதான். பிறகு மோதிரத்தைக் கழுவி, எண்ணெய்ப் பசை சிறிதும் இல்லாமல் நீராவியில் சுத்தம் செய்து, ஒரு கம்பியில் கோத்து, ரோடியக் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தினார். ஓரிரு நிமிடங்களில் அந்தப் பால்மஞ்சள் மறைந்து, கடைக் கண்ணாடிக்குள் இருந்த அதே பளிச்சென்ற வெள்ளை வந்துவிட்டது.

மகிழ்ச்சியோடுதான் அணிந்துகொண்டேன். ஆனால் இன்று இரண்டு மோதிரங்களையும் தாளின் மேல் வைத்துப் பார்க்கும்போது அந்த வேலைக்கு நான் கொடுத்த விலை தெரிகிறது. இரண்டு மோதிரங்களிலும் ஓரங்களில் கடுகைவிடச் சிறிய மணிகளாக ஒரு வரிசை இருந்தது. அவருடையதில் அந்த மணிகள் சற்றே அமுங்கி, ஆனால் எண்ணிப் பார்க்கும்படி இன்னும் இருக்கின்றன. என்னுடையதில் ஒரு பக்கம் முழுவதும் மழுங்கி வெறும் கோடாகிவிட்டது. விரலில் தேய்ந்தது பாதி என்றால், ஒவ்வொரு முறையும் முலாமுக்கு முன்பு சக்கரத்தில் தேய்த்தது மீதிப் பாதி. இதுவரை நான்கு முறை முலாம் பூசியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தங்கம் போயிருக்கிறது. தங்கத்தைவிட அந்த வேலைப்பாடு போனதுதான் எனக்கு மனக்குறை.

எல்லா வெள்ளைத் தங்கத்துக்கும் முலாம் கட்டாயம் என்பதில்லை. இது என் தங்கைக்கு நான் அழுத்திச் சொன்ன விஷயம். வெள்ளைத் தங்கத்தில் எவ்வளவு மஞ்சள் எஞ்சியிருக்கிறது என்பதை எண்ணால் அளக்கும் முறை ஒன்று நகைத்தொழிலில் உண்டு. அந்த அளவில் 19-க்குக் கீழே இருந்தால் முதல் தரம், முலாமே தேவையில்லை. 19 முதல் 24.5 வரை இரண்டாம் தரம், விரும்பினால் பூசலாம். அதற்கு மேல் 32 வரை மூன்றாம் தரம், முலாம் அவசியம். நகை வாங்கும் இடத்தில் இந்த எண்ணை யாரும் எடுத்துக்காட்டமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் இதே கேள்வியை எளிய சொற்களில் கேட்கலாம்: "முலாம் பூசாமல் இந்தக் கலவை எப்படி இருக்கும் என்று ஒரு துண்டு காட்டுங்கள்." நன்றாகத் தொழில் தெரிந்தவர் உடனே எடுத்துக் காட்டுவார். காட்டத் தயங்குபவரிடம் திருமண மோதிரம் வாங்கவேண்டாம் என்பது என் கருத்து.

நாங்கள் அந்தப் பெரியவரிடம் இதைக் கேட்டபோது, நான்கு சிறு தகடுகளை ஒரு கறுப்புத் துணியின் மேல் வரிசையாக வைத்தார். 14 கேரட் நிக்கல் தங்கம், 18 கேரட் நிக்கல் தங்கம், 18 கேரட் பல்லேடியத் தங்கம், பிளாட்டினம். எதிலும் முலாம் இல்லை. தங்கை அவற்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். 18 கேரட் நிக்கல் தகட்டில் மஞ்சள் சாய்வு வெளிப்படையாகத் தெரிந்தது. பல்லேடியத் தகடு, பிளாட்டினத்தின் பக்கத்தில் வைத்தபோது மட்டுமே சற்று வெதுவெதுப்பான சாம்பலாகத் தெரிந்தது. தனியாக எடுத்தால் வெள்ளை என்றுதான் யாரும் சொல்வார்கள். மூன்று கடைகளில் ஏறி இறங்கிய பிறகும் தீராத குழப்பம் அந்தக் கறுப்புத் துணியின் முன்னால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது.

நிக்கலுக்கு எதிராக எனக்கு இன்னொரு வழக்கும் உண்டு. மணமாகி மூன்றாம் ஆண்டில் மோதிரத்துக்கு அடியில் தோல் சிவந்து அரிக்கத் தொடங்கியது. சோப்பு நீர் மோதிரத்துக்கு அடியில் தங்கினாலும் இப்படி அரிக்கும் என்பதால், தோல் மருத்துவர் முதலில் மோதிரத்தைச் சில வாரங்கள் கழற்றி வைக்கச் சொன்னார். பிறகு முதுகில் சிறு சிறு ஒட்டுகளை ஒட்டி ஒவ்வாமைச் சோதனை செய்தார். நிக்கல் ஒட்டிய இடம் மட்டும் தடித்துச் சிவந்தது. முலாம் புதிதாக இருக்கும்வரை தொந்தரவு இல்லை. அது தேயத் தேய அரிப்பு திரும்பி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில், தோலோடு நீண்ட நேரம் ஒட்டியிருக்கும் பொருள்களிலிருந்து நிக்கல் வெளியாவதற்கு வரம்பு இருக்கிறது: ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரம் 0.5 மைக்ரோகிராம். மேற்பூச்சு உள்ள பொருளானால், இயல்பான பயன்பாட்டில் இரண்டு ஆண்டுகளாவது அந்தப் பூச்சு இந்த வரம்பைக் காக்கவேண்டும் என்பதும் விதி. திருமண மோதிரத்தை இரண்டு ஆண்டுகளுக்கா வாங்குகிறோம்? கம்மலோ கைக்கடிகாரமோ அணிந்து எப்போதாவது அரித்திருந்தால், நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கத்தின் பக்கமே போகவேண்டாம். நிக்கல் இல்லாத பல்லேடியத் தங்கமா என்பதை வாய்வார்த்தையாக இல்லாமல் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

இனி பிளாட்டினம். தென் அமெரிக்காவில், இன்றைய கொலம்பியாவின் ஆறுகளில் தங்கம் அரித்த ஸ்பானியர்களுக்கு அது ஒரு தொல்லையாகவே அறிமுகமானது. தங்கத் துகளோடு கலந்து வந்த அந்த வெண்ணிறத் துகள்களை அவர்களால் உருக்கவும் முடியவில்லை, எளிதாகப் பிரிக்கவும் முடியவில்லை. "சிறு வெள்ளி" என்ற பொருளில் பிளாட்டினா என்று பெயரிட்டார்கள். அந்தோனியோ தே உல்லோவா என்ற ஸ்பானியர் தம் பயணக் குறிப்பில் 1748-இல் அதைப் பற்றி எழுதியபின் ஐரோப்பிய அறிஞர்களின் கவனம் அதன் பக்கம் திரும்பியது. ஸ்பானியர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, எக்வடோர், கொலம்பியா கடற்கரையில் வாழ்ந்த பூர்வகுடிகள் அந்த உலோகத்தில் அணிகலன் செய்திருக்கிறார்கள். உருக்க முடியாத பிளாட்டினத் துகள்களை உருகும் தங்கத்தோடு சேர்த்துச் சூடாக்கி, அடித்து, மறுபடி சூடாக்கி, ஒரே துண்டாக்கியிருக்கிறார்கள். உலையின் வெப்பம் போதாத இடத்தில் கையின் பொறுமை அதை ஈடுசெய்திருக்கிறது.

அந்தப் பிடிவாதம் இன்றும் பிளாட்டினத்துக்கு உண்டு. தங்கம் 1064 பாகை செல்சியசில் உருகும். பிளாட்டினத்துக்கு 1768 பாகை வேண்டும். அதனால் தங்க வேலைக்கான தீச்சுடரும், உலோகம் உருக்கும் மூசையும் அதற்குப் போதா. வேறு உலோகத்தின் துகள் பட்டால் சூட்டில் கெட்டுவிடும் என்பதால் அரம், பஞ்சுச் சக்கரம் எல்லாம் தனியாக வைத்துக்கொள்கிறார்கள். மெருகேற்றுவதற்கும் படிப்படியாகப் பல சுற்று வேலை. செய்கூலி கூடுவதற்குக் காரணம் இதுவே, அதில் நியாயம் இருக்கிறது. விரல் பருத்து மோதிரத்தைப் பெரிதாக்க வேண்டியிருந்தால், பிளாட்டினம் பற்றவைக்கத் தெரிந்தவரைத் தேடித்தான் கொடுக்கவேண்டும். பழக்கமில்லாதவர் தங்க வேலைக்கான பற்றுப்பொடியால் ஒட்டிவிட்டால், அந்த இணைப்பு நாளடைவில் கோடாகத் தெரிந்துவிடும். வாங்குவதற்கு முன்பே, பின்னாளில் யார் பழுது பார்ப்பார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. வெள்ளைத் தங்கத்துக்கு இந்தக் கவலை மிகக் குறைவு.

பிளாட்டினத்தில் கீறல் விழாது என்று பலர் நம்புகிறார்கள், சில விற்பனையாளர்கள் சொல்லவும் செய்கிறார்கள். விழும். மோதிரத்துக்குப் பயன்படும் பிளாட்டினம், பொதுவாக 18 கேரட் நிக்கல் தங்கத்தைவிட மென்மையானது. வாங்கிய சில வாரங்களிலேயே மெல்லிய கோடுகள் தெரியத் தொடங்கும். வேறுபாடு, கீறல் விழுந்தபின் அந்த உலோகம் என்ன ஆகிறது என்பதில் இருக்கிறது. என் கணவரின் மோதிரத்தைப் பட்டறையின் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். ஒவ்வொரு கீறலின் இரு கரையிலும், ஏர் ஓடிய சாலின் ஓரத்தில் மண் ஒதுங்கி நிற்பதைப்போல், உலோகம் மெல்லிய வரப்பாக ஒதுங்கி நின்றது. பிளாட்டினம் கீறும்போது பெரும்பாலும் இடம் மாறுகிறது, அவ்வளவு எளிதில் உதிர்வதில்லை. தங்கத்தில் அந்த இடத்து உலோகம் கூடுதலாகத் தேய்ந்து போய்விடும். 14 ஆண்டுகள் ஒருநாளும் கழற்றாமல் அணிந்த பிறகும் அவர் மோதிரம் மெலியாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான் என்றார் பெரியவர். அந்த ஆயிரக்கணக்கான நுண்கீறல்கள் சேர்ந்துதான் அடங்கிய சாம்பல் வெண்மையைத் தருகின்றன. சிலருக்கு அது மிகவும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். என்றும் புதிதுபோல் பளபளக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அது மங்கல் என்றே படும். மெருகேற்றினால் பளபளப்பு திரும்பும், ஆனால் சில மாதங்களில் மறுபடி அடங்கிவிடும். இந்த ஒன்றில் மனத்தைத் தேற்றிக்கொள்ள முடியாதவர்கள் பிளாட்டினம் வாங்கி வருந்துவதைவிட வெள்ளைத் தங்கத்தை வாங்கி அவ்வப்போது முலாம் பூசிக்கொள்ளலாம்.

எடையைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிளாட்டினத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 21.45 கிராம், தூய தங்கத்துக்கே 19.3 தான். 17 மில்லிமீட்டர் உள்விட்டமும் 4 மில்லிமீட்டர் அகலமும் 1.5 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட ஒரு தட்டையான வளையத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன். அதில் சுமார் 0.35 கன சென்டிமீட்டர் உலோகம் இருக்கும். அதை 95 விழுக்காடு பிளாட்டினத்தில் செய்தால் ஏறத்தாழ 7.2 கிராம், 18 கேரட் பல்லேடியத் தங்கத்தில் செய்தால் ஏறத்தாழ 5.4 கிராம். முன்னதில் தூய பிளாட்டினம் மட்டும் 6.8 கிராமுக்கு மேல். பின்னதில் தூய தங்கம் 4 கிராமை ஒட்டி. ஆகவே கிராம் விலையை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிடுவது பொருந்தாது. பல பத்தாண்டுகள் தங்கத்தைவிட விலை கூடியதாகவே இருந்த பிளாட்டினம், 2015-ஆம் ஆண்டு முதல் பெரும்பாலும் தங்கத்தைவிடக் கீழேதான் இருந்து வருகிறது. அப்படியும் மோதிரமாகும்போது உலோகம் அதிகம் வேண்டியிருப்பதாலும் செய்கூலி கூடுவதாலும் அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. பின்னாளில் விற்கும் எண்ணம் இருந்தால் தங்கம்தான் எளிது, அதை எங்கும் உரைத்துப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். திருமண மோதிரத்தை வாங்கும்போதே விற்கும் கணக்கைப் போடுவது எனக்கு ஒப்பவில்லை என்பதால் இதற்கு மேல் நான் அதற்குள் போகவில்லை.

கல் பதிப்பதாக இருந்தால் ஒரு சொல். பிளாட்டினம் வளைத்த இடத்தில் நிற்கும், நிமிர்ந்து எழாது. அடிபட்டால் முறிவதைவிட வளைவதே அதிகம். எனவே கல்லைப் பற்றும் கொக்கிகளுக்கு அது மிகவும் ஏற்றது. 1937-இல் பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜின் மனைவியான அரசி எலிசபெத்துக்காகச் செய்த, கோஹினூர் வைரம் பதித்த முடியின் சட்டகம் பிளாட்டினம்தான். வளையத்தை வெள்ளைத் தங்கத்திலும் கல் பிடிக்கும் பகுதியை மட்டும் பிளாட்டினத்திலும் செய்து இணைக்கும் வழக்கமும் உண்டு, அது நல்ல ஏற்பாடு.

பிளாட்டினத்திலும் துணைக்கு வரும் உலோகத்தைக் கேட்கவேண்டும். 950 என்ற முத்திரை ஆயிரத்தில் 950 பங்கு பிளாட்டினம் என்று மட்டும்தான் சொல்கிறது. மீதி 50 பங்கு ருத்தீனியமாக இருக்கலாம், இரிடியமாக இருக்கலாம், கோபால்ட்டாகவும் இருக்கலாம். பெரியவர் ஒரு சிறு காந்தத்தை நூலில் கட்டித் தட்டில் இருந்த பிளாட்டின மோதிரங்களின் மேல் மெல்லக் கொண்டுபோனார். இரண்டு மோதிரங்களைக் கடந்தபோது ஒன்றும் ஆகவில்லை, மூன்றாவதன் மேல் வந்ததும் காந்தம் அதன் பக்கம் சாய்ந்தது. தங்கை திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். "போலி இல்லை, அம்மா. கோபால்ட் கலந்தது, அதனால்தான் இழுக்கிறது" என்றார் அவர். வார்ப்பு வேலைக்குக் கோபால்ட் கலந்தது நன்றாக வருமாம். தினமும் அணியும் எளிய வளையத்துக்கு, கெட்டியாக இருக்கும் ருத்தீனியம் கலந்ததையே தாம் எடுப்பதாகச் சொன்னார். இரிடியம் கலந்த பிளாட்டினத்துக்கு வேறொரு பெருமை உண்டு: 1889 முதல் 2019 வரை உலகத்தின் கிலோகிராம் என்பது, பாரீசுக்கு அருகே பாதுகாக்கப்பட்ட, 90 விழுக்காடு பிளாட்டினமும் 10 விழுக்காடு இரிடியமும் கலந்த ஓர் உருளைதான். மாறாமல் இருக்கவேண்டும் என்று தேடியவர்கள் போய்ச் சேர்ந்த உலோகம் அது.

என் தங்கை நீச்சல் பயிற்சியாளர். ஒரு நாளில் நான்கைந்து மணி நேரம் குளோரின் கலந்த நீரில் இருப்பவள். அவள் விஷயத்தில் எனக்கு ஐயமே இருக்கவில்லை. குளோரின் தங்கத்தை ஒன்றும் செய்யாது என்று தோன்றும், ஆனால் வெள்ளைத் தங்கத்தில், குறிப்பாக நிக்கல் கலந்ததில், அது கலப்பு உலோகங்களைத் தாக்கிக் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களை உண்டாக்கும். வளைத்தும் அழுத்தியும் செய்த இடங்களில், அதாவது கொக்கிகளிலும் பற்றவைத்த இணைப்புகளிலும், ஒருநாள் திடீரென்று முறியும். வீட்டில் தரை துடைக்கும் பிளீச்சுக்கும் இது பொருந்தும். பிளாட்டினத்துக்கு நீச்சல் குளத்து நீரால் ஒன்றும் ஆகாது. "குளத்தில் இறங்கும்போது கழற்றி வைத்துவிடேன்" என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "கழற்றி வைப்பதற்கு எதற்கு அக்கா மோதிரம்?" என்றாள். அவள் பிளாட்டினத்தையே எடுத்துக்கொண்டாள்: ருத்தீனியம் கலந்தது, கல் இல்லாமல், ஓரம் உருட்டிய எளிய வளையம்.

மாப்பிள்ளை அப்படிச் செய்யவில்லை. நாள் முழுவதும் கணினியில் தட்டச்சு செய்பவர் அவர். பிளாட்டின வளையத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு விரலில் எடை தெரிந்துகொண்டே இருக்கிறது என்றார். சிலருக்கு அந்த எடைதான் மோதிரம் இருக்கிறது என்ற நிறைவைத் தருகிறது, அவருக்கு அது இடைஞ்சலாக இருந்தது. ஜோடி மோதிரங்கள் ஒரே உலோகத்தில் இருக்கவேண்டும் என்று இரு வீட்டிலும் பேச்சு வந்தது. ஒரே விரலில் உரசிக்கொண்டிருக்கும் இரண்டு மோதிரங்கள் என்றால், கடினமானது மற்றதைத் தேய்க்கும் என்பதால், நானும் ஒரே உலோகம்தான் என்று சொல்லியிருப்பேன். இரண்டு பேரின் இரண்டு கைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர் அந்தக் கறுப்புத் துணியில் பார்த்த 18 கேரட் பல்லேடியத் தங்கத்தைத் தேர்ந்தெடுத்தார். முலாம் வேண்டாம் என்றும் சொன்னார். பெரியவர் உறுதிதானா என்று இரண்டு முறை கேட்டு, கலவையின் பெயரையும் "முலாம் இல்லை" என்பதையும் ரசீதில் தம் கைப்பட எழுதிக் கொடுத்தார்.

போன வாரம் இரண்டும் வந்துவிட்டன. அருகருகே வைத்தால் நிறம் ஒன்றில்லை. அவளுடையது குளிர்ந்த வெள்ளை, அவருடையது வெதுவெதுப்பான சாம்பல் வெள்ளை. ஆனால் 14 ஆண்டுகள் கழித்துத் தாளின் மேல் வைத்துப் பார்த்தாலும் இன்றைக்கு இருக்கும் இந்த வேறுபாடுதான் இருக்கும். எங்களுடையதைப்போல் ஒன்றாகத் தொடங்கி வேறாகிவிடாது.

நான் என் மோதிரத்தை மாற்றப்போவதில்லை. நிக்கல் என் தோலுக்கு ஆகாது என்பதால் முலாமை விட்டுவிடவும் முடியாது. மோதிரங்களை வாங்கப் போனபோது, மேற்புறத்துக்கு அரக்குப் பூசி மறைத்துவிட்டு, தோலில் படும் உட்புறத்துக்கும் ஓரங்களுக்கும் மட்டும் ரோடியம் ஏற்ற முடியுமா என்று பெரியவரிடம் கேட்டேன். முடியும், சற்று நேரம் பிடிக்கும் என்றார். மேற்புறத்தைச் சக்கரத்தில் பிடிக்கவேண்டாம், எஞ்சியிருக்கும் மணிகள் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி, மோதிரத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.